பிச்சாட்டூர் அணையும் மாப்ள வீட்டு நாயும்

வா மாப்ள. நைட் ஷிப்ட் முடிஞ்சு இப்பதான் வர்றியா? கண்ணு ரெண்டும் கோவைப்பழமாட்டம் செவந்திருக்கு. ஹெல்மெட்டைக் கழட்டிட்டு இப்படித் திண்ணையில குந்து. உங்க அத்தை கேழ்வரகுப் புட்டு கொடுத்தனுப்பினா, உன் பொண்டாட்டிகிட்ட கொடுத்துட்டேன். அது கெடக்கட்டும். உன் நாயோட தண்ணிக் குண்டானை எங்கடா ஒளிச்சு வெச்சிருக்கே?

சிலாப் மேலயா? சரி, எதுக்கு?

"தண்ணி குடிச்சாத்தான மாமா வூடெல்லாம் மூத்திரம் போவுது? அதான் டூட்டிக்குப் போவும்போது எடுத்து மேல வெச்சிட்டுப் போறேன்." ஆகா! சிப்காட்ல பன்னண்டு வருசம் இருந்தவன் மூளை இப்படித்தான் ஓடும். பைப்பு ஒழுவுதா, மெயின் வால்வை மூடு. ஏண்டா, நானும் சக்கரைக்காரன், ராத்திரி நாலு தரம் எந்திரிக்கிறேன். என் தலைமாட்டுல உங்க அத்தை செம்பு நெறையத் தண்ணி வெக்கிறா. அந்தச் செம்பை நீ ஒரு ராத்திரி ஒளிச்சு வெச்சுப் பாரு, விடியறதுக்குள்ள ஊரைக் கூட்டி உன் வேட்டியை அவுத்துடுவேன். பாவம், அதுக்கு ஊரைக் கூட்டத் தெரியல. பாத்ரூம் பக்கெட்டை நக்கிக்கினு நிக்குது. நீ வர்றதுக்குள்ள நான் பாத்தாச்சு.

குண்டானை எறக்கு. ரொப்பி வை. அப்புறம் பேசலாம்.

இப்பக் கேளு. நீ கம்பெனியில மணிக்கு எத்தினி பீஸ் ஓடுதுன்னு போர்டுல எழுதறவன்தான? வூட்டு நாய் நாளைக்கு எத்தினி லிட்டர் குடிக்குதுன்னு சொல்லு பாப்போம். தெரியாது. மிஷினுக்குக் கணக்கு உண்டு, பொம்பள நாய்க்குக் கணக்கு இல்ல. மெட்ராஸ் வேப்பேரி மாட்டாஸ்பத்திரியில டாக்டருங்க சொல்ற கணக்கு ரொம்ப சுளுவு. நாய் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50, 60 மில்லி தண்ணி குடிக்கும். 100 மில்லியைத் தாண்டினா உள்ள என்னமோ கெட்டிருக்குன்னு அர்த்தம். உன் பிங்கி 25 கிலோ இருக்குமா? அப்போ ஒண்ணே கால், ஒண்ணரை லிட்டர் நாயம். ரெண்டரை லிட்டரைத் தாண்டினா அநியாயம். வெயில் காலத்துல கூடும், மூட்டையில வர்ற காஞ்ச தீனி திங்கற நாய் மோர்சோறு திங்கற நாயைவிட அதிகமா குடிக்கும். அதையெல்லாம் கழிச்சுக்கோ.

அம்மாடி, உள்ளயா இருக்கே? அந்தக் குண்டான் எத்தினி லிட்டர் புடிக்கும்? ஒண்ணரையா? நாளைக்கு எத்தினி தரம் ரொப்பறே? மூணா? கேட்டியாடா? நாலரை லிட்டர். உன் வூட்டுல கணக்குப் புள்ள யாருன்னு இப்பத் தெரியுதா? நீ சிலாப் மேல ஏத்தறே, அவ உனக்குத் தெரியாம எறக்கி ஊத்தியிருக்கா. அந்தப் புண்ணியத்துலதான் உன் நாய் இன்னும் நிக்குது.

நீ வண்டியை மாட்டுக்கு முன்னால பூட்டறே மாப்ள. குடிக்கிறதால மூத்திரம் போவல. பெரும்பாலும் மூத்திரம் அடங்காம போறதாலதான் அது குடிக்குது. எப்படின்னு நம்ம ஆத்தை வெச்சே சொல்றேன். பிச்சாட்டூர்ல அணை இருக்குதில்ல? மதகைத் தொறந்தா அங்கேருந்து ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், நம்ம ஆரணி, பொன்னேரின்னு ஓடிப் பழவேற்காட்டுல போய் விழும். ஊத்துக்கோட்டையில முன்னெல்லாம் தரைப்பாலம் முழுகிப் போயி ஜனம் இந்தக் கரையிலயும் அந்தக் கரையிலயும் நின்னு கத்தும். தொறக்கறதும் மூடறதும் யாரு? மதகுல ஒரு லஸ்கர் இருப்பான். மேலேருந்து ஆபீசர் சொன்னா மூடுவான். நாய்க்கும் அதே ஏற்பாடுதான். மூளைக்கு அடியில பட்டாணி அளவு ஒரு சுரப்பி. "தண்ணியை வெளிய விடாத, திருப்பி இழு"ன்னு ரத்தத்துல ஒரு உத்தரவு அனுப்பும். சிறுநீரகம்தான் லஸ்கர். உத்தரவு காதுல விழுந்தா மதகை எறக்குவான், மூத்திரம் மஞ்சளா கொஞ்சமா வரும். ஆபீசர் உத்தரவு வரலன்னாலோ, லஸ்கர் காது அடைச்சுப் போனாலோ, லஸ்கரே மண்டையைப் போட்டாலோ தண்ணி அம்மாம் ஓடும். ஏரி காஞ்சா அது குடிக்காம என்ன செய்யும்? நீ என்ன செஞ்சே? அணை ஒடைஞ்சு ஓடுது, மழையை நிறுத்துன்னு சொல்றே. ரெண்டு நாள் அந்த மாதிரி தண்ணி இல்லாம கெடந்தா ஒடம்பு வத்திப் போயி நோவுக்கு முந்தி தாகமே அதைக் கொண்டு போயிடும்.

ஆனா லஸ்கர் மேல பழி போடறதுக்கு முந்தி வூட்டுக்காரன் யோக்கியதையப் பாக்கணும். போன ஞாயித்துக்கிழமை பழவேற்காட்டுக் கருவாட்டைச் சோத்துல பெசஞ்சு அதுக்கு வெச்சியே, நான் பாக்கலன்னா நெனைச்சே? அம்மாம் உப்பைத் தின்னுட்டு நீயே ஒரு கொடம் குடிப்பே. அப்புறம் அந்தச் சொறி. மெடிக்கல் ஷாப்புல கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன்னியே, என்ன மாத்திரை? பிரட்னிசலோனா? சரிதான். அந்த ஸ்டீராய்டு உள்ள போனா எந்த நாயும் குடிக்கும், மூத்திரம் பெய்யும், வூட்டுச் சோத்தை மொத்தமும் திங்கும். எப்ப நிறுத்தினே? ரெண்டு மாசம் ஆவுதா? அப்போ இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா ஒண்ணு, நாளெல்லாம் கொடுத்துட்டுத் திடீர்னு நிறுத்தக் கூடாதுடா அதை. உத்தரவு போடற சுரப்பியெல்லாம் தூங்கிப் போயிருக்கும், எழுந்திரிக்க நாள் புடிக்கும். டாக்டர் சொல்ற மாதிரி கொறைச்சுக் கொறைச்சுதான் விடணும். அந்த ஸ்டீராய்டு மாதிரிச் சுரப்பு ஒடம்புக்குள்ளயே தானா அதிகமாச் சுரக்கற நோவும் இருக்கு, குஷிங்னு சொல்வாங்க. வயசான நாய்க்கு வரும். வயிறு பானையாத் தொங்கும், முடி கொட்டும், சும்மா குந்தியிருக்கும்போதே மூச்சு வாங்கும். என்னைப் பாத்துச் சிரிக்காத. எனக்கு அது இல்ல, இது உங்க அத்தை சமையல்.

அடுத்தது சக்கரை நோவு. வூட்டுல சக்கரைக்காரன் நான் ஒருத்தன் இருக்கேன்னு என் சக்கரை மாத்திரையில பாதியை ஒடைச்சு அதுக்குக் கொடுத்துடப் போறே! எதுக்குச் சொல்றேன்னா, போன மாசம் உன் பக்கத்து வூட்டுக்காரன் அவன் நாய்க்குக் கொடுக்கப் பாத்தான். நாய்க்கு வர்ற சக்கரைக்கு மாத்திரை பலிக்காது, அநேகமா எல்லாத்துக்கும் இன்சுலின் ஊசிதான், காலையும் மாலையும். அதுவும் குட்டி போடற பை எடுக்காத பொட்டை நாய்க்குச் சீக்கிரம் வரும். சூடு வந்து அடங்கினப்புறம் சுரக்கற சுரப்பு சக்கரையை ஏத்திடும். அடையாளம் தெரியுமா? நல்லா திங்கும், ஆனா எளைச்சுக்கினே போவும். கண்ணுல பால் விழுந்த மாதிரி வெளுக்கும். மூத்திரம் போன எடத்துல எறும்பு மொய்க்கும். இந்த எறும்பு சமாசாரம் நம்ம நாட்டு வைத்தியர்ங்க எந்தக் காலத்துலயோ கண்டு வெச்சது. அம்மாடி, தரையைத் தொடைக்கிறது நீதான, எறும்பு வருதா? வரலியா? நல்லது.

இதுல ஒரு கதை இருக்கு. எங்க வூட்டு நாயைத் தூக்கிக்கினு வேப்பேரிக்குப் போயிருந்தப்ப, டாக்டருக்குப் படிக்கிற ஒரு பொண்ணு சொல்லுச்சு. 1889ல, நேரு பொறந்த அதே வருசம், ஸ்ட்ராஸ்பர்க்னு ஒரு ஊர்ல மின்கோவ்ஸ்கி, மேரிங்னு ரெண்டு டாக்டருங்க. செரிமானத்தைப் பத்தித் தெரிஞ்சிக்கலாம்னு ஒரு நாய்க்குக் கணையத்தை எடுத்துட்டாங்க. நல்லாப் பழக்கின நாய், வெளிய கூட்டிக்கினு போனாத்தான் போவும். அது ஆபரேஷனுக்கு அப்புறம் ரூமெல்லாம் போவ ஆரம்பிச்சிடுச்சு. நீயா இருந்தா என்ன செய்வே? செருப்பைக் கழட்டுவே. மின்கோவ்ஸ்கி அந்த மூத்திரத்தை எடுத்துச் சோதிச்சுப் பாத்தான். சக்கரை! கணையம் போனா சக்கரை நோவு வருதுன்னு உலகத்துக்குத் தெரிஞ்சது தரையில போன அந்த மூத்திரத்தாலதான். அப்புறம் 1921ல கனடா நாட்டு டொரொண்டோவுல பான்டிங், பெஸ்ட்னு ரெண்டு பேர் கணையத்துலேருந்து சாறு எடுத்துக் கணையம் இல்லாத நாய்ங்களுக்கு ஏத்தினாங்க. மார்ஜரின்னு ஒரு பொட்டை நாய், எழுபது நாளு உயிரோட நின்னுச்சு. மறு வருசம் ஜனவரியில 14 வயசுப் பையன் ஒருத்தனுக்கு ஊசி போட்டாங்க. இன்னிக்கு உங்க அத்தை என் வயித்துல குத்தற ஊசி அங்கேருந்து வந்தது. பொட்டை நாய் போட்ட பிச்சையில உயிரோட இருக்கறவன்டா உன் மாமன். அதனாலதான் நீ குண்டானை ஒளிச்சேன்னதும் எனக்குக் கோவம் பொத்துக்கினு வந்துச்சு.

கோவம் போதும். நாளைக்குக் காலையில என்ன செய்யணும்னு சொல்றேன். மொத மூத்திரத்தைப் புடிக்கணும். ஆம்பள நாய்னா காலைத் தூக்கும்போது டப்பாவை நீட்டிடலாம். பொட்டை தரையோட தரையா குந்தும், சொம்பு உள்ள நுழையாது. அதுக்கு ஒரு தாழ்வான தட்டு வேணும். வெண்பொங்கல் ஊத்தற குழிக்கரண்டியைக் கொடுக்க மாட்டா உன் பொண்டாட்டி, கேக்காத. பிரியாணி பார்சல் வந்த அலுமினியத் தட்டு இருக்குமே, அதைத் தொடப்பக்குச்சியில கட்டிக்கோ. பின்னாடியே பூனையாட்டம் நடந்து போயி, அது குந்தின ஒடனே இல்ல, ரெண்டு நொடி விட்டு உள்ள நீட்டு. தட்டைப் பாத்ததும் பாதியில எந்திரிச்சு உன்னை ஒரு பார்வை பாக்கும். என் நாய் பாத்துச்சு. என் கல்யாணத்தன்னிக்கு என் மாமியார்கூட அப்படிப் பாக்கல. நாலாம் நாள்தான் புடிக்க முடிஞ்சது. புடிச்சதைப் பாட்டில்ல ஊத்தும்போது ஜாம் பாட்டில், தேன் பாட்டில் வேணாம்டா. கழுவினது சரியில்லன்னா அதுல ஒட்டியிருக்கற இனிப்புக்கு உன் நாய்க்குச் சக்கரைன்னு எழுதிடுவாங்க. ஒரு துளியைக் கண்ணாடிக் கருவியில விட்டு வெளிச்சத்துல பாப்பாங்க. அடர்த்தி 1.030க்கு மேல காட்டினா மதகு நல்லாத்தான் மூடுது. 1.010 பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தா லஸ்கரைத் தேடணும். சிறுநீரகம் கெடறதுல ஒரு கள்ளத்தனம் இருக்கு. மூணுல ரெண்டு பங்கு போற வரைக்கும் வெளிய காட்டாது, அதுக்கப்புறம்தான் வெள்ளையாத் தண்ணியாப் போவும். ரத்தத்துல தெரியறதுக்கு முக்காவாசி போயிருக்கணும். மழைக்காலத்துல எலி மூத்திரம் கலந்த தண்ணியைக் குடிச்சு வர்ற எலிக்காய்ச்சலும் சிறுநீரகத்தைத்தான் தின்னும், அது நமக்கும் ஒட்டும். வருசாவருசம் ஊசி போடறியா? கார்டைக் காட்டு. டேய், கார்டுல திருவண்ணாமலை மாவட்டம்னு எழுதியிருக்கான்! ஆரணின்னு சொன்னா எல்லாருக்கும் அந்தப் பட்டுப்புடவை ஆரணிதான். நமக்கு மணலை அள்ளினதைத் தவிர என்ன பேரு இருக்கு, சொல்லு.

இன்னொண்ணும் பாக்கணும். கொஞ்சம் கொஞ்சமா, சொட்டுச் சொட்டா, பத்துத் தரம் குந்துதா? அது மூத்திரப்பையில புண்ணு, வேற கணக்கு. குட்டி போடற பை எடுத்த நாய் தூங்கற எடத்துல தனக்கே தெரியாம நனைக்குதா? அது மூத்திரப்பை வாய் தளந்து போனது, மாத்திரையில அடங்கும். உன்னோடது அது ரெண்டும் இல்ல. காலையில நான் இங்க குந்திக்கினு இருக்கும்போது வேலியோரம் போச்சு பாரு, ஒரு வெத்தலை மடிச்சுப் போட்டு மென்னு துப்பற வரைக்கும் போச்சு. பிச்சாட்டூரு தோத்துது.

சரி, இப்ப ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. சூடு எப்ப வந்துச்சு? ஏன் முழிக்கிறே? பொட்டை நாய் வளக்கறவன் காலண்டர்ல எழுதி வெக்க வேணாமா? கேஸ் சிலிண்டர் மாத்தின தேதி எழுதத் தெரியுது. அம்மாடி, நீ சொல்லு. என்ன, ஆடி மூணாம் ஞாயிறா? பெரியபாளையத்துல வேப்பஞ்சேலை கட்டற கூட்டத்துல வண்டியே நகரல, அன்னிக்கு இங்க கேட்டுக்கு வெளிய ஏழு ஆம்பள நாய் நின்னுச்சா? நல்லாத்தான் நெனைவு வெச்சிருக்கே.

ஆடி மூணாம் ஞாயிறு. இப்ப ஆவணி கடைசி. ஆறு வாரம்.

மாப்ள, சிரிக்கறதை நிறுத்து. நானும் நிறுத்திக்கறேன். சுனாமி வந்த மறு வருசம் எங்க வூட்டுல செம்பட்டையா ஒண்ணு இருந்துதே, உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அப்ப டவுசர் போட்டுக்கினு திரிஞ்சே. அது இப்படித்தான் சூடு அடங்கி ஒண்ணரை மாசத்துல தண்ணி தண்ணின்னு அலைஞ்சுது. வயிறு பெருத்துச்சு. உங்க அத்தை குட்டி நிக்குதுன்னு சொல்லி, கண்ணாடி வளையல் ரெண்டை நூல்ல கோத்து அது கழுத்துல கட்டி, கலந்த சோறு வெச்சா. நானும் கைகொட்டிச் சிரிச்சேன். பாயெல்லாம் நனைக்குதுன்னு ராத்திரியில தண்ணிச் சட்டியைக் கவுத்து வெச்சேன். ஆமாண்டா, நானேதான். நீ இன்னிக்குச் செஞ்சதை இருவது வருசத்துக்கு முந்தியே செஞ்சவன்தான் உன்னைக் கிண்டல் பண்றான். அஞ்சாம் நாள் சோறு எடுக்கல, வாந்தி. ஆறாம் நாள் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனேன். டாக்டர் வயித்துல கை வெச்சுப் பாத்துட்டு, உள்ள குட்டி இல்லைய்யா, பை நெறைய சீழுன்னாரு. சாயங்காலம் முருங்கைமரத்தடியில பொதைச்சேன். அந்த வளையலைக் கழட்ட உங்க அத்தை விடல.

அதுக்கப்புறம்தான் இதெல்லாம் கேட்டுத் தெரிஞ்சிக்கினேன். அதுக்குப் பேரு பையோமெட்ரா. நாய்க்குச் சூடு அடங்கினா, குட்டி நின்னாலும் நிக்கலன்னாலும் ரெண்டு மாசத்துக்கு ஒரே சுரப்புதான். பை குட்டிக்குப் பாய் விரிச்ச மாதிரி உள்ள தடிச்சு மெத்தையாவும். குட்டி வரலன்னா அந்த மெத்தையில கிருமி வந்து படுக்கும், பெரும்பாலும் குடல்ல இருக்கற கிருமிதான். அது கக்கற விஷம் ரத்தத்துல ஏறி, நேரா போயி லஸ்கர் காதை அடைச்சிடும். ஆபீசர் கத்தறாரு, மதகு மூடல. அதனால சீழ் வெளிய தெரியறதுக்கு முந்தியே தாகம் தெரியும். பை வாய் தொறந்திருந்தா வாலுக்கடியில ஒழுவும், அது நல்ல காலம். மூடியிருந்தா வயிறுதான் பெருக்கும், உள்ளயே வெடிச்சாலும் வெடிக்கும். மாத்திரையை நம்பிக் குந்தியிருக்கற நோவு இல்ல, அறுத்துப் பையை எடுக்கணும், அதுவும் ஒடனே. ஆம்பள நாய் சேரக் கூடாதுன்னு யார் யாரோ ஊசி போடறாங்களே, அதுவும் இந்த மெத்தையைத்தான் இன்னும் தடிமனா விரிக்கும். ஆறு மாசத்துல பையை எடுத்துடலாம்னு நான் சொன்னப்ப, "பாவம் மாமா, ஒரு தரமாவது குட்டி போடட்டும்"னே. சரி, இப்ப அது எதுக்கு.

பிங்கி! இங்க வாம்மா. வா. தண்ணியைக் குடிச்சது போதும், தாத்தாகிட்ட வா. பாத்தியா, வாலை ஆட்டுது, ஆனா படி ஏறும்போது பின்னங்கால் தள்ளாடுது. நேத்து ராத்திரி சோறு தின்னுச்சா அம்மாடி? மோந்து பாத்துட்டுப் போயிடுச்சா? இதை ஏம்மா இம்மாம் நேரம் சொல்லல?

வாலைத் தூக்கறேன், பயப்படாதம்மா. மாப்ள, இப்படி வெளிச்சத்துக்கு வா. இந்த முடியைப் பாரு. செம்மண்ணு கரைச்ச மாதிரி கட்டி கட்டியா ஒட்டியிருக்கு. நக்கி நக்கிச் சுத்தம் பண்ணிக்கினே இருந்திருக்கு, அதனால தரையில தெரியல. மோந்து பாரு. மூஞ்சைத் திருப்பாதடா, உன் நாய்தான்.

பாட்டிலும் வேணாம், தட்டும் வேணாம், நாளைக்குக் காலையும் வேணாம். ஆட்டோவுக்குப் போன் போடு. மணி எட்டுகூட ஆவல. வழியில மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்திருந்தா ஒரு பார்வை காட்டிக்கலாம், இல்லன்னா நிக்க வேணாம். ஸ்கேன் பாத்து ஆபரேஷனும் பண்ணணும், நேரா ஜனப்பஞ்சத்திரம், செங்குன்றம், வேப்பேரி. அங்க போனதும் ஆடி மூணாம் ஞாயிறுன்னு மொதல்ல தேதியைச் சொல்லு, அப்புறம் நாலரை லிட்டர்னு சொல்லு, கருவாட்டைக் கடைசியில சொல்லு. மயக்க ஊசி போடுவாங்க, அதனால சோறு ஒண்ணும் கொடுக்காத. தூக்கம் வந்தா ஆட்டோவுல தூங்கிக்கோ, நான் மடியில வெச்சுக்கறேன்.

அம்மாடி, பழைய போர்வை ஒண்ணு கொண்டா. குண்டானையும் எடுத்துக்கோ, செங்குன்றம் சிக்னல்ல நிக்கும்போது கேக்கும். சீட்டு நனைஞ்சா நனையட்டும், ஆட்டோக்காரன்கிட்ட நான் பேசிக்கறேன்.